ஈச்சங்குட்டைக்கு ஒரு தொலைநோக்கு

அரை நாள் ஜேசிபி வண்டி ஓட்ட அனுமதி கேட்கப் போன செங்கோடன், விமானம் ஏறி டெல்லி வரைக்கும் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, 'முதுநிலை சமூக ஆலோசகர்' என்று பெயர் வாங்கிய கதையைப் பல்லடம் பக்கத்தில் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அவரிடமே கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார். ஓர் இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் என்னவோ சின்னதுதான். ஈச்சங்குட்டைப்பாளையத்துக்கு மேற்கே சரிவு நிலம். அங்கே பெய்கிற மழை ஓடையாக இறங்கி, தார்ரோட்டுக்கு அடியில் போட்டிருக்கும் பெரிய குழாய்க்குள் நுழைந்து, ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஈச்சங்குட்டையில் போய்ச் சேரும். குட்டை நிறைந்தால் சுற்றுப்பட்ட கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் ஊறும். ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள், மிச்சமான கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவது என்று யோசித்துக் களைத்துப்போய், குழாயின் வாயிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு பெய்த மழையெல்லாம் ரோட்டோரமாகவே ஓடி, யாருக்கும் உதவாத ஒரு பள்ளத்தில் விழுந்தது. குட்டைக்குள் சீமைக்கருவேல் செழித்தது.

செங்கோடனின் தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. கோழிப்பண்ணைக்கு லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகாமல் இரண்டு கொட்டகைகளை மூடிவிட்டார். இந்த ஐப்பசி மழையும் குட்டைக்கு வராமல் போனால் மூன்றாவதையும் மூட வேண்டியதுதான். அப்புறம் பண்ணைக்காரர் என்று சொல்லிக்கொள்ள மீசை மட்டும்தான் மிஞ்சும்.

பல்லடத்தில் ஜேசிபி வைத்திருக்கும் பீர் முகம்மது வந்து, குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார். "அரை நாள் வேலைங்ணா. திங்கக்கெழம வண்டிய அனுப்பிப்போடறேன்" என்றார். டீசலை ஊரே போட்டுக்கொள்வதாகப் பேச்சு. இப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான், ஊர்க்காரர்கள் எப்போதோ கலெக்டருக்கு அனுப்பி மறந்தே போயிருந்த மனு ஒன்று பலித்துவிட்டது. மனு பலிக்காத ஊர்கள் பாக்கியம் செய்த ஊர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கார்கள் வந்தன. அந்த மனுவோடு வந்தவர்கள் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடி மாளிகையில் இயங்கும் 'நிலைத்த வளர்ச்சிக் கொள்கை ஆலோசனை மைய'த்தைச் சேர்ந்தவர்கள். அந்த மாளிகையில் ஒரு ஜன்னலையும் திறக்க முடியாது. ஆகவே காற்று, தூசி, கொசு போன்ற தொந்தரவுகள் இல்லாமல் இயற்கையைப் பற்றிச் சிந்திக்கலாம். இயக்குநர் முனைவர் கிருபாசங்கர் குட்டைக்குள் இறங்கி, ஒரு பிடி காய்ந்த மண்ணை அள்ளி, கண்களை மூடிக்கொண்டார். படம் சரியாக வரவில்லை என்றார்கள். இன்னொரு முறை அள்ளி, இன்னும் கொஞ்சம் வருத்தமாக மூடினார்.

"ஏனுங்க சார், நாளைக்கு வண்டி வருதுங்க. அடைப்ப எடுத்துப்போட்டா வேலை முடிஞ்சுதுங்க" என்றார் செங்கோடன்.

கிருபாசங்கர் பதறிப்போனார். "ஐயையோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்க! பேஸ்லைன் கெட்டுப்போயிடும்."

"அப்படீன்னா என்னங்க?"

"உங்க குட்டை இப்போ எவ்வளவு மோசமா இருக்குன்னு முதல்ல அளக்கணும். அளக்கறதுக்கு முன்னாடியே நீங்க சரி பண்ணிட்டா, அப்புறம் நாங்க எதை அளக்கறது?"

கொங்கு நாட்டில் வீடு தேடி வந்தவரை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. அதிலும் அவர் நம் மரத்து இளநீரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது பேசவே கூடாது. செங்கோடன் "சரிங்க" என்றார். அந்த ஒரு 'சரிங்க', 'முழு விவரமறிந்து மனமுவந்து அளிக்கப்பட்ட சமூக ஒப்புதல்' என்று பெயர் மாறி, பொழுது சாய்வதற்குள் எல்லா அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் வண்டியோடு வந்த பீர் முகம்மது, குழாயின் வாயில் பளபளவென்று ஒரு போர்டு நிற்பதைப் பார்த்தார். 'முன்னோடித் திட்டப் பகுதி. எதையும் தொடாதீர்கள்.' ரோட்டு ஆபீசுக்குப் போன் போட்டால், "அது இப்ப மையத்துக்கிட்ட இருக்குதுங்க. நாங்க கை வெக்க முடியாதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

"அடைப்புக்கு மேல இன்னொரு அடைப்ப வெச்சுட்டாங்ளாட்ட இருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார்.

ஊர் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தது. சரியென்று சொன்ன வாய் அவருடையது. ஆகவே போய் மையத்திடம் பேசி அடைப்பை எடுத்துவிடுகிற பொறுப்பும் அவருடையது என்று முடிவாயிற்று. அவருடைய உத்தியோக வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் பயிலரங்கு. செங்கோடன் சொல்வதை மையத்துக்கும், மையம் சொல்வதைச் செங்கோடனுக்கும் புரியவைக்க லோகப்பிரியா என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். வெள்ளகோவில் பக்கத்துப் பெண். விவசாயம் படித்துவிட்டு, ஏதாவது ஒரு குளத்தையாவது காப்பாற்றலாம் என்ற ஆசையில் மையத்தில் சேர்ந்தவள். இன்னும் பணி நிரந்தரம் ஆகாததால் அந்த ஆசையை வெளியே சொல்வதில்லை.

அரங்கில் எல்லோருக்கும் கலர் கலராகத் துண்டுத்தாள் கொடுத்து, சுவரில் ஒட்டச் சொன்னார்கள். பிறகு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நாடகம். சென்னைக்காரர் ஒருவர் மேகம். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் நிலத்தடி நீர்; அவர் தரையில் படுத்துக்கொண்டார். செங்கோடன் குட்டை. அவரை நடுவில் நிறுத்தி, கிருபாசங்கர் மைக்கை நீட்டினார்.

"குட்டையாவே இருந்து சொல்லுங்க சார். இப்போ உங்களுக்குள்ள என்ன ஓடுது?"

"எதுவும் ஓடலீங்க. ரோட்டுக்கடியில அடைச்சிருக்குதுங்க. ஒரு ஜேசிபி வந்தா அரை நாள்ல எடுத்துப்போடலாமுங்க."

லோகப்பிரியா அதை இங்கிலீஷில் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். முடித்ததும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. தரையில் படுத்திருந்த நிலத்தடி நீர் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நான் ரெண்டு வார்த்தைதான் அம்மணி சொன்னேன். நீங்க அத்தன நேரம் என்னங்க சொன்னீங்க?"

"அவங்களுக்குப் புடிக்கற மாதிரி சொன்னேனுங்ணா."

"அதுல ஜேசிபி வந்துதுங்களா?"

லோகப்பிரியா யோசித்தாள். "கடைசியில ஒரு மாதிரி வந்துதுங்ணா."

அன்று முதல் செங்கோடனுக்கு ஏறுமுகம். 'அடித்தட்டுக் குரல்' என்று சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அதே வாக்கியத்தைச் சொன்னார். கழுத்தில் அட்டை மாட்டி ஆலோசகர் ஆக்கினார்கள். மறுபடியும் சொன்னார். முதுநிலை ஆனார். ஒவ்வொரு படி ஏறும்போதும், ஜேசிபிக்கு அனுமதி கொடுக்கிற ஆளை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். வீட்டில் பொன்னாத்தாள் கோழிகளுக்கு லாரித் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அடைப்பு எடுக்கறவங்களப் பாத்தீங்களா?" என்று போனில் கேட்பாள். "கிட்ட வந்துட்டனாட்டத்தான் இருக்குது" என்பார் இவர்.

டெல்லிக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய வாக்கியம் 'சமூகம் வழிநடத்தும், இயந்திரத் துணையுடன் கூடிய நீர்ப்பாதை மீட்பு' என்று ஆளே அடையாளம் தெரியாமல் வளர்ந்திருந்தது. பல நாட்டு நிபுணர்கள் வந்திருந்தார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் பல் கிட்டித்துப்போய், பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார்கள். செங்கோடன் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

முதல் நிபுணர் எழுந்து, ஜேசிபி டீசலில் ஓடுகிறது, புகை விடுகிறது, அதை ஏற்க முடியாது என்றார்.

"அப்ப காங்கேயம் மாடு இருக்குதுங்க. பூட்டி இழுத்துப்போடலாமுங்க" என்றார் செங்கோடன்.

இரண்டாவது நிபுணர் மிகுந்த வேதனையோடு, மாடு ஏப்பம் விடுகிறது என்றார். அந்த ஏப்பத்தில் இருக்கும் வாயு டீசல் புகையைவிடப் பொல்லாதது என்று படம் போட்டுக் காட்டினார். படத்தில் மாடு குற்றவாளி மாதிரி நின்றது.

"மாடும் வேண்டாமுங்க. நாங்களே மம்மட்டி எடுத்து வெட்டிப்போடறமுங்க."

மண்வெட்டியின் எடை, பிடிக்கிற கைகளில் ஆண் எத்தனை பெண் எத்தனை, மண்ணுக்குள் குடியிருக்கும் புழு பூச்சிகளின் மறுவாழ்வு ஆகியவற்றை ஆராய உடனே ஒரு துணைக்குழு போட்டார்கள்.

காப்பி இடைவேளையில் செங்கோடன் லோகப்பிரியாவை ஓரமாகக் கூப்பிட்டார். "இத்தன பேரும் ஏரோப்ளேன்லதான அம்மணி வந்திருக்காங்க. அதுல பொகை வராதுங்களா?"

"வருமுங்ணா. ஆனா அதுக்கு ஈடா மரம் நட்டுக் கணக்க நேர் பண்ணிப்போட்டாங்க."

"எங்கீங்க நட்டாங்க?"

"சத்தியமங்கலம் காட்டுக்குள்ளீங்க."

"காட்டுக்குள்ளயே மரம் நட்டாங்களா?"

"அங்கதானுங்ணா நல்லா வளருது" என்றாள் லோகப்பிரியா, முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல்.

புரட்டாசி முடிகிற நேரம். ஊருக்குத் திரும்பிய செங்கோடனின் கையில் ஒரு பாராட்டுக் கேடயமும், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு மரக்கன்றும் இருந்தன. ஊர் பொறுமை இழந்துவிட்டது. போர்டாவது ஒன்றாவது, அம்மனிடம் பூக்கேட்டு முடிவு பண்ணிவிடலாம் என்று கூடினார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் அதுதான் கடைசி நீதிமன்றம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுப் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. அதற்கு மேல் பேச்சில்லை.

வெள்ளை வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

விவரம் சேகரிக்க வந்திருந்த லோகப்பிரியா, நல்ல செய்தி என்று நினைத்துப் போனில் இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். கிருபாசங்கர் அன்றைக்கே காரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அற்புதமான பாரம்பரிய முடிவெடுப்பு முறை! உலகத்துக்கே காட்டணும். ஆனா ஒரே ஒரு குறை. ஒரு தடவை மட்டும் கேட்டிருக்கீங்க. மாதிரி அளவு போதாது. ஒரு முப்பது தடவையாவது கேட்டாத்தான் அம்மனோட கருத்தை அறிவியல் ஏத்துக்கும்."

பூசாரி செங்கோடனைப் பார்த்தார். செங்கோடன் விருந்தாளியைப் பார்த்தார். அப்புறம், வேறு என்ன, "சரிங்க" என்றார்.

பூசாரி எடுத்தார். மடித்தார். போட்டார். மறுபடியும் எடுத்தார். கற்பூரம் தீர்ந்து, கடைக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளை வந்தது, சிவப்பு வந்தது, சிவப்பே விடாமல் வந்தது, பிறகு வெள்ளை. பூசாரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி என்று தெரிந்தது. 'குழாய் விஷயத்தில் அம்மனுக்குக் குறிப்பிடத்தக்க கருத்து எதுவும் இல்லை. மேலும் ஆய்வு தேவை' என்று மையம் அறிவித்தது. ஊர் இரண்டாகப் போயிற்று. அம்மன் சரி என்றாள் என்று பாதிப் பேர், வேண்டாம் என்றாள் என்று பாதிப் பேர். இனிமேல் யார் மண்வெட்டியைத் தொட்டாலும் சாமி குத்தம் ஆகிவிடும்.

செங்கோடனுக்கு அவமானமாக இருந்தது. தன் தென்னை காய்ந்தபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. ஊருக்கு இருந்த ஒரே வழியையும் தன் வாயாலேயே அடைத்துவிட்டோம் என்று தோன்றியது. மறுநாளே பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய், கண்ணாடி மாளிகையில் இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார்.

"சார், மழ வரப்போகுதுங்க. குட்டைக்குத் தண்ணி வருமா வராதா, ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

கிருபாசங்கர் அவரை உட்காரவைத்து, தோளில் கை போட்டார்.

"செங்கோடன் சார், நீங்க இப்போ எங்கள்ல ஒருத்தர். அதனால மனசு விட்டுச் சொல்றேன். ஒரு குட்டை நிறைஞ்சா என்ன ஆகும்? தண்ணி இருக்கும். அவ்வளவுதான். மாடு வந்து குடிக்கும். ஆனா நிறையாத குட்டை இருக்கே, அது ஒரு பொக்கிஷம்! அதை வெச்சு எத்தனை மாநாடு, எத்தனை கொள்கை வரைவு! இந்தக் கட்டடத்துல எல்லாரும் உங்க குட்டையை நம்பித்தான் பொழைக்கிறோம். திடீர்னு தண்ணி வந்துட்டா நாங்க எங்கே போவோம்?"

"எங்களுக்குத் தண்ணி வேணுமுங்க சார்."

"எங்களுக்கும்தான் வேணும். ஆனா நிலைத்த தண்ணி வேணும். இன்னைக்கு வர்ற தண்ணி நாளைக்கு வத்திடும். இல்லாத தண்ணி இருக்கு பாருங்க, அது எந்தக் காலத்துலயும் வத்தாது."

கிருபாசங்கர் மேஜை மேல் இருந்த காலண்டரைத் திருப்பிக் காட்டினார்.

"அடுத்த மாசம் நிதி கொடுக்கற வெளிநாட்டுக் குழு, வறண்ட குட்டையை நேர்ல பார்க்க வருது. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

"அதுக்குள்ள மழ வந்துதுன்னா?"

"கவலையே படாதீங்க. மழையை அபாயப் பட்டியல்ல முதல் இடத்துல போட்டிருக்கோம்."

ஊருக்குத் திரும்பி வந்தபோது மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. பண்ணையில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பொன்னாத்தாளிடம் நடந்ததைச் சொன்னார். அம்மன் இரண்டுங்கெட்டானாகச் சொல்லிவிட்டாளே என்று புலம்பினார்.

பொன்னாத்தாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அம்மன் எங்கீங்க மாத்திச் சொன்னா? மொதல்ல கேட்டதுக்கு வெள்ள குடுத்தாளா இல்லியா? அதுதான் வாக்கு. சொன்னதுக்கு அப்பறமும் நம்பாம திருப்பித் திருப்பிக் கேட்டா, அவளென்ன கணக்கு வாத்திச்சியா, ஒக்காந்து பதில் சொல்லீட்டு இருக்கறதுக்கு? மீதியெல்லாம் அவ கோவத்துல போட்ட பூவுங்க."

செங்கோடனுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. இதில் ஒரு ஓட்டையும் இல்லை. அவர் ஓடிப்போய்ப் பூசாரியிடம் சொன்னார். இன்னும் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த பூசாரி, "நான் அப்பவே நெனச்சனுங்க!" என்றார். அந்தப் பேச்சு ஊர் முழுவதும் பரவ அதிக நேரம் ஆகவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி மாட்டுக் கொம்பில் மாட்டிவிட்டு, செங்கோடன் பீர் முகம்மதுவுக்குப் போன் போட்டார்.

வண்டி வந்து சேர்ந்தபோது, போர்டுக்குப் பக்கத்தில் மையத்தின் கார் நின்றது. மழைமானி வைக்க லோகப்பிரியா வந்திருந்தாள். ஜேசிபியைப் பார்த்தாள், செங்கோடனைப் பார்த்தாள். யாராவது கை வைத்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு உத்தரவு.

"அம்மணி, உங்க வேலைக்கு ஆபத்து வந்துருமுங்களா?"

அவள் மழைமானியைக் கீழே வைத்தாள். பிறகு காதுக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு, காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினாள். ஏற்றுவதற்கு முன்னால் சொன்னாள்: "எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்குதுங்ணா. கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணையே எடுக்க முடியாது. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நீங்க மூணு குட்டை வெட்டிப்போடலாமுங்க."

பீர் முகம்மதுவே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முதல் வாளியில் கல், அடுத்ததில் மண், அப்புறம் போர்டு. குழாயின் வாய் திறந்து அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தபோது தூறல் விழுந்தது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. செந்தண்ணீர் சரிவில் இறங்கி வந்து, குழாய்க்கு முன்னால் கொஞ்சம் தயங்கி, உள்ளே நுழைந்தது. செங்கோடன் ரோட்டைத் தாண்டி ஓடினார். அந்தப் பக்கம் தண்ணீர் நுரையோடு வெளியே வந்து குட்டைக்குள் விழுகிற சத்தம் கேட்டதும், ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் மழையில் நின்றுகொண்டு கைக்குழந்தை மாதிரி அழுதார். அவ்வளவு சந்தோஷம். அழுவதை மழை மறைத்தாலும் சத்தத்தை மறைக்கவில்லை.

குட்டை தளும்பிய பிறகு ஒரு நாள் கிருபாசங்கர் வந்தார். கரையில் நின்று பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. இந்த முறை யாரும் படம் எடுக்கவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! குழு வர்ற நேரத்துல இப்படி நிறைஞ்சு நிக்குதே. பார்க்கவே சகிக்கலையே!"

செங்கோடன் வழக்கம்போல் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நீங்க இனிமே ஆலோசகரா இருக்க முடியாது. பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் அந்தப் பதவி. உங்களுக்குத் தண்ணி வந்துட்டதால தகுதி போயிடுச்சு." இளநீரை உறிஞ்சி முடித்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நல்லவேளையா, பக்கத்து ஊர்ல மொட்டையங்குட்டைன்னு ஒண்ணு இருக்காம். இதே மாதிரி குழாய் அடைப்பு, சொட்டுத் தண்ணி கிடையாது. அருமையான இடம்! நாளைக்குக் காலையில போய் போர்டு வெச்சிடறோம்."

கார்கள் திரும்பிப் போயின. செங்கோடன் கரையில் நின்று அந்தப் புழுதி அடங்கும்வரை பார்த்தார். மொட்டையங்குட்டைக்காரர்கள் முந்தாநாள்தான் வந்து, தளும்புகிற தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்து, ஏக்கத்தோடு போயிருந்தார்கள்.

"ஏனுங்க, வேல போயிருச்சுங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "பாய், இன்னைக்குச் சாயங்காலமே வண்டி வருமுங்களா? மொட்டையங்குட்டைக்குங்க."

"வாரனுங்ணா. அங்க என்ன அத்தன அவசரம்?"

"அங்க இன்னும் ஆராய்ச்சி ஆரம்பிக்கலீங்க பாய்" என்றார் செங்கோடன். "அதுக்குள்ள தண்ணியக் கொண்டுவந்துபோடலாம்."